கந்தையும் ஊசியும்

கந்தை என்பது நம்மவர் வாயில் இழிவுச் சொல். ஒருவனை வறியவன் என்று சொல்லக் கூசுகிறவரும் அவன் உடையைக் கந்தல் என்று சொல்லக் கூசுவதில்லை. தீபாவளிக்கு முந்திய வாரங்களில் பிரிக்பீல்ட்ஸிலும், மஸ்ஜித் இந்தியாச் சாலையிலும், கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலும் துணிக்கடை வாயில்களில் நெருக்குண்டு நிற்கும் நம் மக்களைக் காண்பவர், இச்சொல்லிடத்து நமக்குள்ள அச்சம் எத்துணை ஆழமானது என்பதை உணர்வர். செந்தூல் அடுக்குமாடி வீடுகளிலிருந்தும், எஞ்சியுள்ள தோட்டங்களிலிருந்தும் திரண்டு வரும் கூட்டம் அது. அவ்வச்சத்துக்குக் காரணம் உண்டு. அதனைப் பின்னர்க் கூறுவோம். இங்கு நாம் ஆராயப் புகுவது, எறியத்தக்கது என்று உலகம் தள்ளிய துணியை எடுத்து, அதன்மேல் ஊசியால் படம் எழுதி, அப்படத்தால் தம் காலத்துச் சந்தையையும் ஆட்சியையும் வீட்டையும் கேள்வி கேட்ட பெண்களின் வரலாற்றை. மேல்நாட்டுக் கலைக்கூடங்களில் இன்று இதனைப் புதுக்கலை என்று போற்றுகிறார்கள். போற்றட்டும். ஆயினும் அஃது அவ்வளவு புதியதன்று.

கந்தை என்னும் நம் சொல்லும், காந்தா என்னும் வங்காளச் சொல்லும் உடன்பிறந்தவை. ஒட்டுத்துணி ஆடையைக் குறிக்கும் வடமொழிக் கந்தா என்பதே இரண்டுக்கும் மூலம் என்பர். ஒரே சொல் நம்மிடம் வசையாயிற்று. வங்காளத்திலோ ஒரு பூத்தையற் கலையின் பெயராயிற்று. இதனால் பழந்துணியின் அருமை தமிழ்ப் பெண்களுக்குத் தெரியாதிருந்தது என்று கொள்ளற்க. பிறந்த குழந்தையைப் புதுத்துணியில் கிடத்தும் வழக்கம் நம் பாட்டிமாரிடம் இல்லை. பலமுறை தோய்த்துத் தோய்த்து மென்மையான வேட்டியையே விரித்தார்கள். தாயின் பழம்புடவையையே தூளியாகக் கட்டினார்கள். அடுத்தடுத்துப் பிள்ளைகளைப் பறிகொடுத்தவள் பின்னர்ப் பிறந்த மகவைக் குப்பையில் கிடத்தி எடுத்துக் குப்பன் என்றும் குப்பம்மாள் என்றும் பெயரிட்டாள். உலகம் வேண்டாதென்று தள்ளியதைக் கூற்றுவனும் வேண்டான் என்பது அவள் எண்ணம். இது மூடநம்பிக்கையே. ஆனால் அம்மூடநம்பிக்கைக்குள் எத்தனை தாய்மாரின் கண்ணீர் உறைந்து கிடக்கிறது!

வங்காளத்துப் பெண்களும் ஏறத்தாழ இதே எண்ணத்துடன்தான் தொடங்கினர். நைந்த புடவைகளையும் வேட்டிகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, புடவைக் கரையிலிருந்தே வண்ண நூலை உருவி எடுத்து, ஓட்டுத்தையலால் அவற்றை இணைத்தனர். துணிக்கும் செலவில்லை, நூலுக்கும் செலவில்லை. நடுவே தாமரை, மூலைகளில் மரங்கள், இடையிடையே மீனும் யானையும் தேரும். ஒரு காந்தா முடியத் திங்கள் பலவாகும், ஆண்டுகளும் ஆவதுண்டு. மாமியார் தொடங்கியதை மருமகள் முடித்தாள். அதனை விற்பதில்லை. மகளுக்கோ பேரனுக்கோ விருந்தினருக்கோ கொடுப்பார்கள். விலைக்கு என்று தைக்காததால், இன்னது தை என்று கட்டளையிடுவாரும் அவளுக்கு இல்லை. இவ்வொன்றைப் படிப்பவர் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம்.

கட்டளையிடுவார் இல்லாத அவ்விடத்தில் அவள் எதைத் தைத்தாள்? பத்தொன்பதாம் நூற்றாண்டுக் காந்தாக்களில் தெய்வங்களோடு சீப்பும் கண்ணாடியும் பாக்குவெட்டியும் நகைகளும் காணப்படுகின்றன. தனக்கு வேண்டியவை, தனக்குக் கிட்டாதவை எல்லாம் கந்தையின்மேல் வந்து நின்றன. அவற்றோடு உக்காப் புகைக்கும் சீமான்களும், குதிரைவண்டிகளும், வெள்ளைக்காரச் சிப்பாய்களும் வந்தனர். மானதாசுந்தரி என்னும் பெண் தன் தந்தைக்கெனத் தைத்த காந்தா ஒன்று கல்கத்தாவை அடுத்த குருசதய் அருங்காட்சியகத்தில் உள்ளது. அதில் கம்பெனிச் சிப்பாய்கள் அணிவகுத்து நிற்கின்றனர். எழுதப் படிக்க இடங்கொடாத காலத்தில், தன் பெயரையும் நூலால் எழுதிவைத்தாள் அவள். அவ்வருங்காட்சியகப் பொருள்களைத் திரட்டிய குருசதய் தத்தர் (1882–1941) ஆங்கில அரசின் ஆட்சிப்பணி அதிகாரி. வெள்ளையரிடம் பணிபுரிந்துகொண்டே, வெள்ளையர் வாணிபத்தால் அழிந்துகொண்டிருந்த நாட்டுக்கலைகளை ஊர் ஊராகச் சென்று சேகரித்தார். அவர் திரட்டியிராவிடில் மானதாசுந்தரியின் பெயரை நாம் இன்று அறிய வழியில்லை.

துணியை வைத்து அந்நிய வாணிபத்தை எதிர்த்த வேறொரு முறையும் உண்டு. அதனை எல்லாரும் அறிவர். 1921 ஜூலை 31ஆம் நாள் பம்பாயில் காந்தியார் முன்னிலையில் அந்நியத் துணிகள் மலைபோல் குவிக்கப்பட்டுத் தீயிடப்பட்டன. அதே ஆண்டில் இரவீந்திரநாத தாகூர் இவ்வெரிப்பை மறுத்து எழுதினார். எரிக்கப்படும் துணி உடையில்லாத ஏழைக்குரியதன்றோ என்பது அவர் வினா. காந்தியாருக்கும் அவ்வினா உறுத்தியிருக்க வேண்டும். செப்டம்பர் 22ஆம் நாள் மதுரையில் அவர் மேலாடை களைந்து அரைவேட்டிக்கு மாறினார். ஆயினும் ஒன்று சொல்வோம். காந்தியார் அரைவேட்டியைத் தேர்ந்துகொண்டார். மதுரையின் உழவன் தேர்ந்துகொள்ளவில்லை. மிகுதியாக உடையவர் எரிக்கலாம், துறக்கலாம். ஒன்றே உடையவள் எதை எரிப்பாள்? அவள் ஊசியைத்தான் எடுப்பாள்.

இனி, தள்ளிவைத்த காரணத்துக்கு வருவோம். தமிழகத்தில் பழந்துணி என்பது ஏழைமையின் அடையாளம் மட்டுமன்று; சாதியின் அடையாளமுமாக இருந்தது. பண்ணையார் கழித்த வேட்டி பண்ணையாளுக்குக் கூலியின் பகுதியாக வந்தது. பிணத்தின்மேல் போர்த்திய துணியை இன்ன குலத்தார் எடுத்துக்கொள்வது என்று முறை வகுத்து வைத்திருந்தார்கள். திருவிதாங்கூரில் நாடார் குலப் பெண்கள் மார்பை மறைத்துத் துணி அணிவதற்கே பல்லாண்டு அடியும் உதையும் பட்டுப் போராட வேண்டியிருந்தது. 1859இல்தான் அரசர் இசைந்து ஆணை பிறப்பித்தார். அந்நாஞ்சில் நாட்டிலேயே, நாகர்கோவிலில், மார்த்தா மால்ட் என்னும் பாதிரியார் மனைவி 1820களில் பெண்களுக்குப் பின்னல்வேலை கற்பித்தார். அதில் ஈட்டிய பொருளைக் கொண்டு அடிமைத்தளையிலிருந்து தம்மை மீட்டுக்கொண்ட பெண்கள் உண்டு. இத்தகைய மண்ணிலிருந்து கப்பலேறி வந்தவன், தன் கூலியில் ஒரு புதுவேட்டி வாங்கிக் கட்டியபோது அவனுக்கு அது வெறும் வேட்டியன்று. ஒருவர் கழித்ததை உடுக்கும் நிலையிலிருந்து தான் நீங்கியதற்கு அதுவே சாட்சி. ஆதலால் தீபாவளிக் கூட்டத்தைக் கண்டு ஆடம்பரம் என்று ஏளனம் செய்வாரோடு நாம் சேரமாட்டோம். பெண்கள் நகைக்கும் புடவைக்கும் அடிமையாகலாகாது என்று இடித்துரைத்த பெரியார், 1929–30இல் மலாயாவுக்கு வந்தார். அவரே காங்கிரஸில் இருந்த நாளில் கதர் மூட்டையைத் தோளில் சுமந்து விற்றவர். துணியின் அருமையும் அறிந்து, துணி விரிக்கும் வலையும் அறிந்தவர் ஒருவர் சொன்ன சொல் அது. அவ்விரண்டையும் பிரித்தறிவதே கடினம்.

மலாயாவில் நம்மவர் எல்லாரையும் ஒருசேரக் கந்தைக்குத் தள்ளிய காலம் ஒன்று வந்தது. 1942 ஜனவரி 11ஆம் நாள் ஜப்பானியர் கோலாலம்பூருக்குள் புகுந்தனர். நூற்பதும் நெய்வதும் இந்நாட்டில் பெரிதாக நடந்ததில்லை. துணியெல்லாம் கப்பலில் வந்தது. கப்பல் நின்றது, துணியும் நின்றது. கடையில் எஞ்சியதன் விலை, வாழைமரம் அச்சிட்ட ஜப்பான் நோட்டுகள் பெருகப் பெருக ஏறிற்று. அன்னாசி நாரில் நூல் எடுத்துப் பார்த்தார்கள். செந்தூலின் உயிராயிருந்தது ரயில்வே பட்டறை. இந்த நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் தொடக்கந்தொட்டுத் தமிழ்நாட்டாரும் யாழ்ப்பாணத்தாரும் இஞ்சின்களோடு இஞ்சினாய் உழைத்த இடம் அது. அங்கும் தோட்டத்து லயங்களிலும் அரிசிச் சாக்கும் மாவுச் சாக்கும் ஆடையாயின. கோணியில் கழுத்துக்கும் கைக்கும் துளையிட்டு அணிந்தார்கள். தாயும் மகளும் ஒரே புடவையை மாறிமாறிக் கட்டி வெளியே வந்த வீடுகள் உண்டு. கிழக்குக்கரைத் தண்டவாளங்களைப் பெயர்த்தெடுத்துச் சயாம்–பர்மாப் பாதைக்கு ஏற்றிய ஜப்பானியர், அத்தண்டவாளங்களைத் தாங்க ஆட்களையும் ஏற்றினர். மலாயாவிலிருந்து சென்ற தொழிலாளர் 70,000 பேருக்கு மேற்பட்டவர். அவருள் பெரும்பாலோர் தமிழர். கோணி உடுத்துச் சென்றவர்கள், கோணியோடே அம்மண்ணில் புதைந்தார்கள். 1945இல் நேசநாட்டு விமானங்கள் செந்தூல் பட்டறையின்மேல் குண்டு வீசின. அதற்குள் நம் பெண்களிடம் தைப்பதற்குத் துணியும் இல்லை, நூலும் இல்லை.

அதே 1942ஆம் ஆண்டில், அதே ஜப்பானியர் ஆட்சியில், சிங்கப்பூர்ச் சாங்கிச் சிறையில் வேறொரு வகைப் பெண்கள் அடைபட்டிருந்தனர். அவர்கள் பெரும்பாலும் வெள்ளையர். நேற்றுவரை துரைசானிகளாய் இருந்தவர்கள். பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் வீழ்ந்தபின், ஏறத்தாழ 400 பெண்களும் குழந்தைகளும் அங்கு ஒருபுறமும், ஆடவர் மறுபுறமும் வைக்கப்பட்டனர். கணவன் உயிரோடிருக்கிறானா என்று மனைவிக்குத் தெரியாது. மனைவியின் நிலை கணவனுக்குத் தெரியாது. அப்பொழுது எத்தல் மல்வனி என்னும் கனடா நாட்டு அம்மை ஒரு யோசனை சொன்னாள். மருத்துவமனையில் கிடக்கும் காயம்பட்ட வீரர்களுக்குப் போர்வை தைத்துத் தருவோம் என்பது அது. ஒவ்வொருத்திக்கும் ஆறங்குலச் சதுரமாக வெள்ளைத் துணி கொடுக்கப்பட்டது. மாவுச் சாக்கும் படுக்கை விரிப்பும் கிழித்த துணி. பழைய உடைகளிலிருந்து நூலைப் பிரித்தெடுத்தார்கள். அத்துணியில் உன்னைப் பற்றி ஏதேனும் தை, உன் பெயரையும் தை என்பதே விதி. 66 சதுரங்கள் சேர்ந்து ஒரு போர்வை. இவ்வாறு மூன்று போர்வைகள்: ஆங்கிலேய வீரர்க்கு ஒன்று, ஆஸ்திரேலியர்க்கு ஒன்று, ஜப்பானியர்க்கு ஒன்று.

பகைவனுக்கும் ஒரு போர்வை தைத்தது ஏன்? அது இல்லையேல் ஏனைய இரண்டும் சிறைவாயிலைத் தாண்டியிரா. ஜப்பானியப் போர்வையில் பூக்களும் பணிவான படங்களும் மிகுதி. காயமுற்ற ஜப்பானிய வீரரின் துன்பத்துக்கு இரங்குவதாக அதன் பின்புறத்தில் வாசகம் தைத்திருக்கிறார்கள். அதோடு, நீரில் வெளுக்காமல் உலர்வெளுப்புச் செய்வது நலம் என்று ஓர் அறிவுரையும் உண்டு! அரைவயிற்றுக் கஞ்சியும் அடைத்த கதவுமாக இருந்த சிறையிலிருந்து சென்ற அறிவுரை அது. நகைச்சுவை அங்கும் சாகவில்லை. ஏனைய போர்வைகளில் சிறை அறையும், வீட்டு நினைவும், கேலியும், ஏக்கமும் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாகப் பெயர்கள் உண்டு. போர்வை மருத்துவமனைக்குச் சென்றது. பெயர்கள் வாய்வழியே பரவின. இன்னாள் உயிரோடிருக்கிறாள் என்ற செய்தி பரவிற்று. ஆஸ்திரேலியப் போர்வையும் ஜப்பானியப் போர்வையும் இன்று கான்பராவின் போர் நினைவகத்தில் உள்ளன. ஆங்கிலப் போர்வை இலண்டனில் செஞ்சிலுவைச் சங்கத்தாரிடம் உள்ளது. சிறையிலிருந்த சிறுமியர் தனியாகத் தைத்த அறுகோணப் போர்வை ஒன்றும் இலண்டன் போர் அருங்காட்சியகத்தைச் சேர்ந்துவிட்டது.

அம்மாதரின் துன்பத்தை நாம் குறைத்து மதிக்கவில்லை. ஆனால் செந்தூல் வாசகர் நெஞ்சில் ஒரு வினா எழாமல் இராது. மாவுச்சாக்கு ஒன்றே. சாங்கியில் அது கண்ணாடிப் பேழைக்குள் சென்றது. நம் லயங்களில் அது உடலோடு ஒட்டிக் கிழிந்து மண்ணாயிற்று. நம் பாட்டிமார் அக்கோணியில் எத்தனை ஒட்டுப் போட்டார்கள், பிள்ளையின் சட்டையாக்கும்போது கழுத்தோரம் ஒரு பூவேனும் தைத்தார்களா என்பதை இனி யாரிடம் கேட்பது? ஜப்பானியர் போனதும் அவர்கள் முதற்காரியமாக அக்கோணியை எரித்தனர். வெட்கம் ஒரு காரணம்; அதைக் கேட்டு வாங்கி வைப்பார் ஒருவரும் இல்லாதது மற்றொரு காரணம்.

கேட்டு வாங்குவார் இருந்தால் கந்தை என்ன செய்யும் என்பதைத் தென்னமெரிக்கச் சிலி நாடு காட்டிற்று. 1973 செப்டம்பர் 11இல் படைத்தலைவன் பினோசே ஆட்சியைப் பறித்தான். ஆயிரக்கணக்கானோர் பிடித்துச் செல்லப்பட்டனர், பலர் திரும்பவேயில்லை. நாட்டுச் சந்தை அந்நியச் சரக்குக்குத் திறந்துவிடப்பட்டது; உள்ளூர் ஆலைகள் மூடின; சேரிகளில் வேலையற்றோர் பெருகினர். கணவனையும் மகனையும் தேடி அலைந்த பெண்கள் தலைநகர் சாந்தியாகோவில் திருச்சபையின் நிழலில் கூடினர். 1976இல் கர்தினால் சில்வா என்றிக்கஸ் நிறுவிய ஒருமைப்பாட்டு நிலையம் அவர்களுக்கு இடம் தந்தது. மாவுச்சாக்கை அடித்துணியாக விரித்து, கிடைத்த துண்டுத் துணிகளை ஒட்டி, ஊசியால் படம் தைத்தார்கள். ஆர்ப்பியேரா என்பது அதன் பெயர். அச்சொல்லுக்குப் பொருளே கோணி என்பதுதான். காணாமற்போன மகனின் சட்டைத் துண்டையே படத்தில் அவன் உருவாக்கித் தைத்த தாய்மாரும் உண்டு. பாடகி வியோலெத்தா பார்ரா இக்கோணிப் படங்களை 1964இலேயே பாரிஸ் இலூவர் மாளிகையில் காட்சிக்கு வைத்தவர். ஆனால் இத்தாய்மார் கையில்தான் அவை குற்றப்பத்திரமாயின.

என்ன தைத்தார்கள்? கஞ்சித்தொட்டியின் முன் நிற்கும் பிள்ளைகள். மின்சாரம் அறுக்கப்பட்ட வீடு. வேலை இல்லை என்று பலகை தொங்கும் ஆலைக்கதவு. எங்கே அவர்கள் என்ற கேள்வி. எல்லாவற்றுக்கும் பின்னே ஆந்தெஸ் மலை. மலைக்குமேல் ஒளிவீசும் கதிரவன். பொம்மை போன்ற அப்படங்களைக் கண்டு, பெண்களின் விளையாட்டு என்று முதலில் அசட்டையாய் இருந்த ஆட்சி, அவை வெளிநாடு சென்று பேசத் தொடங்கியபின்தான் விழித்தது. நாட்டை இழிவுபடுத்துவன என்று சீறிற்று. பத்திரிகை வாய்மூடிய நாட்டில் கோணி வாய்திறந்தது. விற்ற பணத்தில் அடுப்பும் எரிந்தது.

நம் பக்கத்திலும் இத்தகைய முயற்சி ஒன்று உண்டு. பீகாரில் முசாப்பர்ப்பூர் மாவட்டத்துப் பூசுரா என்னும் சிற்றூரில், பிறந்த குழந்தைக்குப் பழம்புடவைகளை அடுக்கிச் சுஜனி தைப்பது வழக்கம். கந்தலுக்கென்றே சித்திரியா மா என்று ஒரு தாய்த்தெய்வத்தையும் வைத்திருக்கிறார்கள். கிழிந்தவை ஒன்றுகூடும்போது முழுமை பிறக்கும் என்பது அதன் கருத்தாம். தெய்வத்தை ஒப்பாதவரும் கருத்தை ஒப்பலாம். பாட்னாவில் அதிதி என்ற நிறுவனத்தை நடத்திய விஜி ஸ்ரீநிவாசன் 1988ஆம் ஆண்டையொட்டி இக்கலைக்குப் புத்துயிர் ஊட்டினார். முக்காட்டுக்குள் இருந்த பெண்கள் வட்டமாக உட்கார்ந்து தங்கள் கதையைத் தைக்கலாயினர். வரதட்சணைக்காக எரியும் மருமகள், குடித்துவிட்டு அடிக்கும் கணவன், பெண் என்று அறிந்ததும் முகம் சுளிக்கும் வீடு, ஆண்கள் மட்டுமே அமர்ந்திருக்கும் பஞ்சாயத்து. கறுப்பு நூலால் சங்கிலித் தையலில் கோடு இழுத்து, வண்ண நூலால் உள்ளே நிரப்பினர். வரதட்சணையை ஒழிக்க மேடையேறி முழங்கும் நம் சீர்திருத்தத் தோழர்கள், அவ்வட்டத்தில் ஒருநாள் உட்கார்ந்து பார்த்திருந்தால் பேச்சைச் சிறிது குறைத்திருப்பார்கள்.

ஆனால் இங்கேதான் கதை திரும்புகிறது. சுஜனிக்குப் பெயர் வந்தது, 2006இல் புவியியல் குறியீடும் வந்தது, வாங்குவாரும் வந்தனர். பழம்புடவை போய்ப் புதுப்பருத்தியும் டசர்ப் பட்டும் வந்தன. காந்தாவுக்கும் இதுவே நேர்ந்தது. காந்தாத் தையல் இட்ட புதுப்பட்டுப் புடவைகள் நம் கடைகளிலும் விற்கின்றன. அவற்றில் கந்தை என்பது பெயரில் மட்டும் உண்டு. வாங்குபவர் பூவும் கிளியும் கேட்கிறார். எரியும் மருமகளைக் கேட்பதில்லை. வரவேற்பறைச் சாய்மணை உறையில் அவளை வைத்துக்கொள்ள யாருக்கு மனம் வரும்? தைப்பவளுக்குக் கூலி கிடைக்கிறது; அதனைக் குறைசொல்ல நமக்கு உரிமையில்லை. எனினும், முன்பு மனத்தில் வைக்கச் சொன்னதை இங்கு நினைவூட்டுகிறோம். கட்டளையிடுவார் இல்லாதபோது பேசிய ஊசி, கட்டளை வந்ததும் வாயடைத்தது. இன்று கழிவுத்துணியில் செய்தது என்று சீட்டு ஒட்டி, புதுத்துணியினும் கூடிய விலைக்கு அங்காடிகளில் பைகள் தொங்குகின்றன. வாங்கும் மோகத்தைக் கண்டிக்கப் பிறந்ததையே வாங்கும் பொருளாக்கிவிட்ட சந்தையின் திறமையை என்னென்பது!

சந்தைக்குள் நின்றும் வாயடைக்காதவர் உளர் என்பதற்கு ஒருவரைச் சொல்லலாம். ஆப்பிரிக்கக் கானா நாட்டில் 1944இல் பிறந்து, நைஜீரியாவின் நுசுக்காவில் பணியாற்றிய எல் அனாட்சுய், மதுப்புட்டிகளின் தகர மூடிகளைத் தட்டித் தட்டையாக்கி, செம்புக் கம்பியால் ஒன்றோடொன்று தைத்து, சுவரை மறைக்கும் பொற்பட்டுத் திரைகளாக்கினார். 2007இல் வெனிஸ் நகரக் கலைவிழாவில் அவற்றைக் கண்டு உலகம் வியந்தது. ஐரோப்பியர் மதுவைக் கொண்டுவந்து மனிதரை ஏற்றிச்சென்ற வாணிபத்தின் எச்சம் அம்மூடிகளில் இருக்கிறது என்பது அவர் கருத்து. நம் தோட்டங்களில் கூலி நாளன்று குடித்தெறிந்த சம்சுப் புட்டிகளின் மூடிகளைச் சேர்த்துவைத்திருந்தால், இந்நாட்டுத் தமிழர் வரலாற்றுக்கும் அப்படியொரு திரை தைத்திருக்கலாம். அது மிகப் பெரிய திரையாய் இருந்திருக்கும்.

காந்தா பிறந்த மண்ணின் கீழ்ப்பகுதி இன்று வங்காளதேசம். உலகத்துக்கு மலிவு உடை தைத்துக் கொடுப்பது அதன் பெருந்தொழில். 2013 ஏப்ரல் 24ஆம் நாள், டாக்காவை அடுத்த சவாரில் ராணா பிளாசா என்னும் எட்டடுக்குக் கட்டடம் இடிந்து, 1,100 பேருக்கு மேல் மாண்டனர், பெரும்பாலோர் பெண்கள். முதல்நாளே சுவரில் வெடிப்புக் கண்டிருந்தது; ஆயினும் வேலைக்குள் ஏற்றினர். மாண்டவரின் உறவினர் சிலர் பின்னர் நினைவுப் போர்வைகளில் அவர்தம் பெயரையும் துயரையும் தைத்தார்கள். பாட்டி பேரனுக்குத் தைத்த அதே ஓட்டுத்தையலை, மகளை இழந்த தாய் கையில் எடுத்தாள். ஆர்ப்பியேரா பிறந்த சிலியிலோ, வடக்கே இக்கீக்கேத் துறைமுகத்துக்கு உலகின் பழைய உடைகள் கப்பல் கப்பலாக வந்திறங்குகின்றன. விற்காதவை அருகிலுள்ள அத்தகாமாப் பாலையில் கொட்டப்பட்டு மேடு மேடாய்க் கிடக்கக் கண்டார்கள். ஆண்டுதோறும் உலகில் துணிக்கழிவு 9.2 கோடி டன் என்று ஐக்கிய நாட்டுச் சபையின் சுற்றுச்சூழல் அமைப்பார் கணக்கிடுகிறார்கள். மாவுச்சாக்கின் ஒரு முழத் துணிக்காகத் தாய்மார் கையேந்திய நாட்டில், உடுத்தாத உடைகள் மலையாகின்றன.

நம் நாடு இவ்விரண்டுக்கும் இடையில் இருக்கிறது. மலேசியாவில் பண்டல் கடைகளுக்குக் குறைவில்லை. அங்கு விற்கும் பழைய உடைகளில் ஜப்பானிலிருந்து வருவன நிறைய. 1942இல் நம்மைக் கோணி உடுத்தவைத்த நாட்டார் கழித்த சட்டைகளை, அவர் பேரப்பிள்ளைகள் கழித்ததை, நம் பேரப்பிள்ளைகள் விரும்பி வாங்கி அணிகின்றனர். இதனைப் பகைமையோடு சொல்லவில்லை. துணி நல்ல துணிதான். மறுபுறம், கைபேசியில் நேரலையாக விற்கும் புடவைகளை நள்ளிரவிலும் கேட்டு வாங்குவோர் பலர். தவணையில் வாங்கிய புடவை ஒருமுறை படத்துக்குக் கட்டப்பட்டு அலமாரிக்குள் போகிறது. அதே புடவையை மறுமுறை கட்டினால் படம் பார்த்தோர் என்ன சொல்வர் என்ற அச்சம்! கந்தைக்கு அஞ்சிய நாம் இப்பொழுது நேற்றுக் கட்டியதற்கும் அஞ்சுகிறோம்.

செந்தூல் பட்டறையின் உலை இன்று அணைந்துவிட்டது. இஞ்சின்களின் பழுதுபார்ப்பு வடக்கே பத்து காஜாவுக்குப் போயிற்று. பட்டறை வீடுகளில் பாட்டிமார் கிழிந்த புடவைகளைக் கிழித்துக் கைத்தையலாய்த் தைத்த கால்மிதிகள் முன்பு வாசல்தோறும் கிடந்தன; இன்று சந்தையில் அதே வடிவில், தையற்சாலை வெட்டுத்துண்டுகளைப் பொறியால் தைத்த கால்மிதிகள் மலிவாய்க் கிடைக்கின்றன. ஜப்பானியர் காலத்தில் கோணி உடுத்திருந்த பிள்ளைகளில் இன்னும் உயிரோடிருப்போர் எண்பதைத் தாண்டியவர்கள். செந்தூலில் மாதர் சங்கங்கள் உண்டு. வாசகசாலைக்கு வரும் இளைஞரும் உண்டு. ஆறங்குலச் சதுரத் துணி ஒன்றை அம்மூதாட்டியர் கையில் கொடுத்து, அக்காலத்தை நினைத்து ஏதேனும் தையுங்கள், பெயரையும் தையுங்கள் என்று கேட்கலாம். கண் மங்கியவருக்குப் பேத்தி ஊசியில் நூல் கோத்துத் தரலாம். அவர் சொல்லச் சொல்ல அவளே தைக்கவும் செய்யலாம். புதுத்துணி வாங்கவேண்டா. அலமாரியைத் திறந்தால் போதும்.